வெட்பாலை எண்ணெய், இடது முழங்கையில் மட்டும்

சேலத்தில் சொரியாசிஸ் என்ற செதில் படை நோய் உள்ளவர்களுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம், கஞ்சமலை அடிவாரத்தில் அமாவாசைக் குளியல், ஏற்காட்டு எஸ்டேட்டில் யாரோ பறித்துக் கொடுத்த பச்சிலை, வாட்ஸ்அப்பில் வந்த சாம்பல் நிற மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் "எங்க மாமாவுக்குச் சுத்தமா போயிடுச்சுங்க" என்று சாட்சி சொல்ல ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. மாமாவுக்கு உண்மையாகவே போயிருக்கும். எதனால் போனது என்பதில்தான் சிக்கல்.

இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். மார்கழி, தை மாதக் குளிரில் தோல் வறண்டு வெடித்து, படை தடித்து, செதில் கொட்டும். பங்குனி வெயில் ஏற ஏறப் பெரும்பாலானவர்களுக்குத் தணியும். ஆகவே தை மாதம் தொடங்கிய எந்த மருந்துக்கும் சித்திரையில் நல்ல பெயர் கிடைத்துவிடும், அது வெறும் விளக்கெண்ணெயாக இருந்தாலும். ஐப்பசியில் தொடங்கிய நல்ல எண்ணெய்க்கு மார்கழியில் கெட்ட பெயர் வரும். சிலருக்கு இது தலைகீழாக, வெயில் காலத்தில் கூடவும் செய்யும். மாற்று மருத்துவம் சரியா தவறா என்று மணிக்கணக்கில் வாதாடுவதை விட, உங்கள் உடம்பில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு முறை வைத்துக்கொள்வது நல்லது. முறை எளிது: புது மருந்தை ஒரு பக்கம் மட்டும் பூசுங்கள்.

இடது முழங்கையில் வெட்பாலை இலை ஊறிய தேங்காய் எண்ணெய், வலது முழங்கையில் வெறும் தேங்காய் எண்ணெய். இரண்டும் அதே நேரம், அதே அளவு. வெறும் எண்ணெய் எதற்கு என்றால், எண்ணெய்ப் பசையே செதிலை இளக்கி, அரிப்பைக் குறைத்துவிடும். அந்தப் பெயரை மூலிகைக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஏற்கெனவே டாக்டர் கொடுத்த களிம்பு பூசிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாமல் இரு பக்கமும் ஒரே மாதிரி தொடருங்கள். வாரம் ஒரு முறை, ஞாயிறு காலை குளிப்பதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். முந்தின நாள் இரவே எண்ணெயைத் துடைத்திருக்க வேண்டும். எண்ணெய் பட்ட செதில் கண்ணாடி போலத் தெளிந்து, படை பாதியாகக் குறைந்தது போலக் காட்டும். "முன், பின்" என்று சுற்றி வரும் பல படங்களின் ரகசியம் இவ்வளவுதான்.

சிவப்பு, தடிப்பு, செதில் என்ற மூன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். தோல் மருத்துவர்களும் இந்த மூன்றையும் இப்படித்தான் அளக்கிறார்கள். 8 வாரம் விடாமல் பார்க்க வேண்டும். சாதாரணத் தோலில் ஓர் உயிரணு அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸ் படையில் அது 3 முதல் 5 நாளில் மேலே வந்து குவிகிறது. அந்த ஓட்டம் நிதானத்துக்கு வருவதைப் பத்து நாளில் பார்த்துவிட முடியாது. 8 வாரம் கழித்தும் இரண்டு முழங்கையும் ஒன்று போலவே இருந்தால், அந்த மருந்து உங்களுக்கானது இல்லை. மாமாவுக்குக் கேட்டிருக்கலாம்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: வந்திருப்பது சொரியாசிஸ்தானா என்று தெரிய வேண்டும். வட்ட வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து நடுவில் தெளிந்து, இடுப்பு, தொடை இடுக்கில் பரவினால் பெரும்பாலும் படர்தாமரை. அது பூஞ்சை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரணச் சோதனையில் தெரிந்துவிடும். மடிப்பின் உட்பக்கம், அதாவது முழங்கையின் உள்ளும் முழங்காலின் பின்னும் வந்து நீர் கோத்து அரித்தால் கரப்பான் (எக்ஸிமா) வகையாக இருக்கலாம். சொரியாசிஸ் முட்டியின் வெளிப்பக்கம், தலை, முதுகின் அடிப்பகுதி, தொப்புள் என்று உட்காரும். ஓரம் கோடு கிழித்தது போலத் தெளிவாக இருக்கும். செதில் வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காக வரும். நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் விழும். நம் மாநிறத் தோலில் சிவப்பை விடக் கருஞ்சிவப்போ சாம்பல் பூத்த ஊதாவோதான் தெரியும் என்பதால், வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்து ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் "மூணும் கலந்த" டியூபில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். படர்தாமரையில் அதைப் பூசினால் ஒரு வாரம் அடங்கி, பிறகு உருவமே மாறிப் பரவும். அதன்பின் எந்த வைத்தியராலும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது.

இனி வெட்பாலை. சேர்வராயன் மலை அடிவாரத்து வறண்ட புதர்க்காட்டிலும் தோட்டத்து வேலியோரத்திலும் வளர்கிற சிறு மரம். கிள்ளினால் பால் வரும். இலைகள் எதிரெதிராக இருக்கும், பூ வெள்ளை, காய்கள் இரட்டையாக, மெல்லிசாக, நீளமாகத் தொங்கும். பிஞ்சில் இரண்டின் நுனியும் ஒட்டியிருக்கும், இடுக்கி மாதிரி. கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரப்பொம்மை கடைவதும் இந்த மரத்தில்தான். பாலை என்ற பெயரில் குடசப்பாலை, ஏழிலைப்பாலை என்று வேறு மரங்களும் உண்டு. அரளியும் பால் வடியும் குடும்பம்தான், அது நஞ்சு. காய் பார்க்காமல் இலையை மட்டும் வைத்து அடையாளம் சொல்கிறவரை நம்பாதீர்கள். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறித்தால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தெரிந்தவர் தோட்டமே நல்லது. கோடைக்கு முன் மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். துளிர்த்த இலை முற்றிக் கரும்பச்சை ஆன பிறகு பறிக்க வேண்டும்.

அளவு: அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு 200 கிராம் இலை. பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்கு மேல் பறியுங்கள். மண் இருந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் கழுவி, துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். பிறகு நிழலில் அரை நாள் வாடவிட வேண்டும். இலை துவள வேண்டும், நொறுங்கக் கூடாது. கத்தி படக் கூடாது என்பது பழைய வழக்கம். கையால் கிள்ளிப் போடுவதில் நட்டம் ஒன்றும் இல்லை. வாயகன்ற கண்ணாடி ஜாடியில் இலையைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, இலை முழுவதும் மூழ்கும்படி சுத்தமான கூழாங்கல் ஒன்றை மேலே வையுங்கள். எண்ணெய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இலையில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். ஜாடி முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பக் கூடாது.

வாயில் வெள்ளைத் துணி கட்டி மொட்டை மாடியில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வெயில். மூடி போட்டு வெயிலில் வைத்தால் இலையின் ஈரம் ஆவியாகி, மூடியில் வியர்த்து, மறுபடி எண்ணெயிலேயே சொட்டும். இரவில் உள்ளே எடுத்து வைத்து மூடிவிடலாம். தினம் ஒரு தடவை உலர்ந்த மரக் கரண்டியால் கிளறுங்கள். ஓரிரு நாளில் இலையைச் சுற்றி ஊதாக் கோடு ஓடும். பிறகு எண்ணெய் முழுக்கச் செவ்வூதா ஆகும். ஏழு நாள் நல்ல வெயில் கிடைத்தால் நாவல்பழச் சாறு போல இருண்டு நிற்கும். மூன்று நாள் நல்ல வெயிலுக்குப் பிறகும் வெறும் பச்சையாகவே இருந்தால் அது வெட்பாலை இல்லை, கொட்டிவிடுங்கள். புளித்த வாடை வந்தால் ஈரம் தங்கிவிட்டது. அதையும் பூச வேண்டாம். இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, ஒரு நாள் அசையாமல் வைத்து, மேல் எண்ணெயை மட்டும் பழுப்புப் பாட்டிலில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் மண்டியில் தண்ணீர் இருக்கும். அவசரத்துக்கு அடுப்பில் காய்ச்சுகிறவர்கள் உண்டு. இலை கருகி, பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒன்று வரும். ஊதா வராது.

இந்த வேலையை ஏற்காட்டில் செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் மேலே பகலிலேயே உறைந்து கிடக்கும் எண்ணெயில் இலை ஊறாது, அழுகும். கீழே சேலத்தில், கோரிமேட்டிலோ அஸ்தம்பட்டியிலோ யார் வீட்டு மாடியிலாவது போட்டு, வடித்து, மேலே கொண்டுபோங்கள். மேலே போனதும் பாட்டில் உறைந்தால் பயப்பட வேண்டாம். வெந்நீர்ச் சொம்பில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் இளகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்; சிக்கு வாடை அடித்தால் அதற்கும் முன்பே போய்விட்டது என்று அர்த்தம்.

பூசும் முன் முன்கையின் உட்புறம், நல்ல தோலில், தபால் தலை அளவு இடத்தில் ஐந்து நாள் இரு வேளை தடவிப் பாருங்கள். சிவந்து பொரியாவிட்டால் படைக்குப் போகலாம். உள்ளங்கை அளவுப் படைக்கு நாலைந்து சொட்டுப் போதும். குளித்து, துண்டால் ஒற்றி, மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே. அழுத்தித் தேய்க்கக் கூடாது. முகம், அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் தோல் மெல்லிசு; அங்கே இதை முதல் சுற்றில் முயல வேண்டாம். வெடித்து ரத்தம் கசியும் இடத்தில் வெள்ளை வாசலின் மட்டும். இந்த எண்ணெய் துணியில் கறையாகும். பழைய கறுப்பு லுங்கி, பழைய தலையணை உறை என்று ஒதுக்கி வையுங்கள். வெட்பாலையை வைத்துச் செய்த 777 எண்ணெய் மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி வழியாக வந்தது. வீட்டில் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் உரிமம் பெற்ற தயாரிப்பாக அதை வாங்கலாம். சோதனை முறை அதற்கும் இதேதான். வெட்பாலையிடம் எதிர்பார்க்க வேண்டியது செதிலும் தடிப்பும் குறைவது. பலருக்கு அவ்வளவு கிடைக்கிறது. வேரோடு போகும் என்று யார் சொன்னாலும், எந்த மருத்துவமுறைக்காரர் சொன்னாலும், அடுத்த பேச்சைக் கேட்காமல் எழுந்துவிடலாம்.

எண்ணெயோடு சேர்த்து வெயிலும் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. மருத்துவமனையில் கொடுக்கும் ஒளிச் சிகிச்சை 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளி. வெயிலிலும் அந்த வகை உண்டு. ஆனால் காலை ஏழு மணி இளவெயிலில் அது மிகக் குறைவு, சுகமாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்பதரை மணி வாக்கில், படை மட்டும் வெளியே தெரியும்படி, முகத்தை மூடிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு நிமிடம் கூட்டி, 15 நிமிடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் தோல் எரிந்தால் ஆறும் வரை வெயில் வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் அரை மணி உட்கார்ந்து தோல் வெந்தால், வெந்த இடத்திலேயே புதுப் படை வரும். ஏற்காட்டில் குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரியாது. உயரம் கூடக் கூட புற ஊதா ஒளியும் கூடும், மேகமும் அதை முழுதாக மறைக்காது. வெயில் காட்டும் நாளில் இரண்டு முழங்கைக்கும் சமமாகக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கணக்கு கெடும்.

வெயிலைப் பேசும்போது கார்போகரிசியைச் சொல்லாமல் விட முடியாது. நாட்டு மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்பு விதை. அதிலுள்ள சோரலென் தோலை வெயிலுக்குக் கூச்சப்படுத்தும். நவீன மருத்துவத்திலும் சோரலென் கொடுத்து அளந்து ஒளி காட்டும் முறை இருக்கிறது, நிமிடக் கணக்கில், கண்ணுக்குக் கண்ணாடி போட்டு. அதையே அரைத்துப் பூசிக்கொண்டு டூவீலரில் ஐந்து ரோடு சந்திப்பு வரை போய்வந்தால் மறுநாள் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு. பலரும் கவனிக்காத இடம் ஒன்று: கடையில் அரைத்துத் தரும் நலங்கு மாவில் பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கோடு கார்போகரிசியும் சேரும். நலங்கு மாவு போட்டுக் குளித்துவிட்டு வெயிலில் நின்று எரிந்தால் காரணத்தை அங்கே தேடுங்கள். சொல்லி, கார்போகரிசி இல்லாமல் அரைத்துக்கொள்ளலாம். வெறும் பயத்தம் மாவே போதும் என்பது என் கட்சி.

குப்பைமேனியும் உப்பும், பூண்டு விழுது, எருக்கம்பால், சேங்கொட்டை, சுண்ணாம்பு. இவை படைக்குப் பூசச் சொல்லி வரும் பட்டியலில் அடிக்கடி இருக்கும். எல்லாமே தோலைப் பொசுக்கும் சரக்கு. சொரியாசிஸ் தோலுக்கு ஒரு குணம்: காயம் பட்ட இடத்தில் 10 முதல் 20 நாளில் புதுப் படை எழும். கீறல், சூடு, கொசுக்கடியைச் சொறிந்தது, பச்சை குத்தியது எதுவானாலும். ஆகவே "நல்லா எரியுது, வேலை செய்யுது" என்பது இந்த நோயில் நேர்மாறான பேச்சு. குப்பைமேனியை உள்ளுக்குச் சாப்பிடுவதில் தனி ஆபத்து உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து சிறுநீர் கறுத்துப் போகும்.

அந்தக் காயக் கணக்கைத் தொழிலோடும் பொருத்திப் பாருங்கள். பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பது, ஆசிட்டில் போட்டு எடுப்பது, தேய்ப்பது என்று விரல் நுனி ஓயாமல் அடிபடும். அங்கே படை விரலில்தான் உட்காரும். அம்மாப்பேட்டைத் தறியில் கட்டையில் உரசும் முழங்கை, சேகோ ஆலையில் நாளெல்லாம் ஈரத்தில் கிடக்கும் கை, எஸ்டேட்டில் கம்பூட்ஸ் உரசும் கெண்டைக்கால், மிளகு பறிக்கும் ஏணியில் அழுந்தும் முழங்கால். எந்த எண்ணெயானாலும் அந்த உரசல் நிற்காமல் படை நிற்காது. ஈர வேலைக்கு உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர். வெறும் ரப்பர் மட்டும் போட்டால் வியர்த்து இன்னும் மோசமாகும். பூட்ஸுக்கு உள்ளே முழங்கால் வரை நீளப் பருத்திக் காலுறை. அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல் உப்போ புகையிலைத் தண்ணீரோ தொட்டு விழச் செய்வார்கள். நகத்தால் ஓரமாகத் தள்ளி எடுப்பது இன்னும் மேல். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, சொறியாமல் விட்டுவிட வேண்டும்.

தலைக்கு வேறு கணக்கு. இரவு சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் படாமல் தோலில் மட்டும், பஞ்சில் தொட்டு எண்ணெய் வையுங்கள். மொத்தம் ஒரு தேக்கரண்டி. இரண்டு மணி நேரம் ஊறிய பிறகு அகலப் பல் சீப்பை மல்லாக்கப் பிடித்து, தானாக எழும் செதிலை மட்டும் எடுக்க வேண்டும். பெயர்த்து எடுத்தால் முடியும் கூட வரும், புள்ளி புள்ளியாக ரத்தமும் வரும். அலசுவதற்கு நம்மூர் அரப்பு நல்லதுதான், ஆனால் கடை அரப்பில் நரநரவென்று தூள் இருக்கும். மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்து, வெதுவெதுப்பான வடித்த கஞ்சியில் குழைத்து, தேய்க்காமல் பூசி அலசுங்கள். பூந்திக்கொட்டை வேண்டாம், எண்ணெய்ப் பசையை அறவே எடுத்துவிடும். புருவம், மூக்கோரத்திலும் மஞ்சள் பிசுக்குச் செதில் இருப்பவர்களுக்குப் பொடுகு வகையும் கலந்திருக்கலாம். அவர்கள் எண்ணெயை இரவு முழுக்க விட்டால் கூடும். அவர்களுக்குப் பூஞ்சைக்கு எதிரான கீட்டோகொனசோல் ஷாம்பு எண்ணெயை விட உருப்படியாக வேலை செய்யும்.

கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு அமாவாசைதோறும் தோல் நோய் தீர உப்பும் மிளகும் வெல்லமும் கொண்டுபோய் வேண்டிக்கொள்வது பழைய வழக்கம். நம்பிக்கை அவரவர் பாடு. குளிப்பதில் ஒன்று மட்டும்: தோல் வெடித்திருக்கும்போது பலர் இறங்கும் தண்ணீரில் இறங்கினால் சீழ் வைக்கும். உங்கள் படை யாருக்கும் ஒட்டாது, மற்றவர் கிருமி உங்கள் வெடிப்புக்குள் போகும். வீட்டிலேயே உப்புக் குளியல் செய்யலாம். பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு கைப்பிடி, சுமார் 100 கிராம் கல்லுப்பு; பருத்தித் துண்டை நனைத்துப் படை மேல் பத்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே எண்ணெய். வாரம் இரண்டு தடவை போதும். சுருக்கென்று எரிந்தால் வெடிப்பு இருக்கிறது, அன்று வேண்டாம். போர்வெல் உப்புத் தண்ணீரில் தினம் சோப்புப் போட்டு நெடுநேரம் குளிப்பது இதற்கு நேரெதிர் வேலை செய்யும். மேட்டூர்த் தண்ணீர் வரும் வீடுகளில் கடைசிச் சொம்பையாவது அதில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

உள்மருந்துக்கு வந்தால் ஒரு பக்கம் மட்டும் சோதிக்க வழியில்லை, பிழையானால் திரும்பவும் முடியாது. அதனால் இங்கே கெடுபிடி அதிகம் வேண்டும். பறங்கிப்பட்டைச் சூரணம் போன்றவற்றைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்து, பாக்கெட்டில் உட்பொருள் பட்டியல், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருந்தால் எடுக்கலாம். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது, மருந்துக்குக் காசு இல்லை. ரசம், பாஷாணம் சேரும் மருந்துகள் சித்தத்தில் உண்டு. பாதரசமும் ஆர்சனிக்கும் என்றால் எல்லோருக்கும் புரியும். சுத்திகரிப்பு சரியாக இல்லாத சரக்கை மாதக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகம் போகும். ஆர்சனிக் சேர்ந்தால் உள்ளங்கையில் முள் முள்ளாகத் தடிக்கும், உடம்பில் மழைத்துளி விழுந்தது போலப் புள்ளிகள் வரும், பின்னாளில் புற்றுநோயும் வரலாம். ஆங்கில மருத்துவத்திலும் ஒரு காலத்தில் சொரியாசிஸுக்கு ஆர்சனிக் திரவம் கொடுத்துப் பட்ட பாடு இதேதான். தொடங்கும் முன் கல்லீரல் சோதனை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ரத்த அணு எண்ணிக்கை. ஆறு வாரம் கழித்து மறுபடி. "டெஸ்ட் எல்லாம் எதுக்குங்க, இது மூலிகை" என்று சொல்பவரிடம் உள்மருந்து வாங்காதீர்கள்.

பெயரில்லாப் பொட்டலத்தில் இன்னொரு பூதம், பொடி செய்து கலந்த ஸ்டீராய்டு மாத்திரை. அடையாளம்: மூன்று நான்கு நாளில் படை மாயமாகும், பசி கூடும், முகம் ஊதும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். பொட்டலம் தீர்ந்த இரண்டு வாரத்தில் முன்னைவிடப் பல மடங்கு திரும்பும், சிலருக்குச் சீழ்க்கொப்புளமாக. சந்தேகம் வந்தால் படக்கென்று நிறுத்தாமல், மீதி மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். அங்கே எதைச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். சொரியாசிஸுக்கு டாக்டர் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர்கள் அதோடு எந்தச் சூரணத்தையும் சொல்லாமல் சேர்க்கக் கூடாது, இரண்டும் கல்லீரலைத்தான் சுமக்கச் சொல்லும். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டு உயிர் போனவர்கள் உண்டு. கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

பத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாக. கத்திரிக்காய், கருவாடு, நண்டு, புளி என்று ஒரேயடியாக எல்லாவற்றையும் விட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. சந்தேகப்படும் ஒன்றை மட்டும் மூன்று வாரம் விட்டு, மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். உறுதியாகப் பலன் தெரிவது எடை குறைப்பதிலும், மதுவையும் பீடி சிகரெட்டையும் விடுவதிலும்தான். வைத்தியர்கள் கருவாட்டுக்குக் காட்டும் கண்டிப்பைக் குவார்ட்டருக்கும் காட்டினால் நன்றாக இருக்கும். பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ராப்ரனோலால் வகை, மனநலத்துக்கான லித்தியம், மூட்டு வலிக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை சிலருக்குப் படையைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிய டாக்டரிடம் சொல்லி மாற்று கேளுங்கள். தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் மழைத்துளி அளவில் படை எழுந்தால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, முதலில் தொண்டையைக் காட்ட வேண்டும்.

"முதல்ல கூடும், உள்ள இருக்கிற விஷம் வெளிய வருது" என்ற சமாதானத்துக்கு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து உடம்புத் தோலில் ஏறக்குறைய ஒரு சதவீதம். புது மருந்துக்குப் பிறகு படையின் பரப்பு இரு மடங்கானால் நிறுத்துங்கள். உடம்பு முழுக்கச் சிவந்து, குளிர் நடுக்கம், கால் வீக்கம், அல்லது காய்ச்சலோடு சீழ்க்கொப்புளம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை, இரவானாலும். மலை மேல் இருப்பவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்து, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மூட்டு தனி விஷயம். சொரியாசிஸ் உள்ள 100 பேரில் 30 பேர் வரைக்கும் மூட்டுவாதம் வருகிறது, நகத்தில் குழி உள்ளவர்களுக்குக் கூடுதலாக. காலையில் எழுந்ததும் விரல் மடக்க அரை மணி நேரம் ஆவது, ஒரு விரல் முழுக்க வீங்குவது, குதிகாலின் பின்புற வலி ஆகியவை அதன் அறிகுறிகள். வாதத் தைலம் தேய்த்துக்கொண்டே வருடம் ஓட்டினால் மூட்டு அரித்துப்போய், பிறகு எந்த மருந்தாலும் நேராகாது. இதற்கு 8 வாரச் சோதனையெல்லாம் கிடையாது. தோல் டாக்டரிடம் போகும்போதே விரலையும் நீட்டிக் காட்டி, மூட்டுவாதப் பிரிவுக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.